ஆண்மை போய்விட்டதென்று அஞ்சும் கணவன்மாருக்கு

குருவானவர் இதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் கணவனும் மனைவியும் முகம்கொடுத்துப் பேசாதிருப்பதன் காரணத்தைத் தேடிப்போனால், பல தடவை இந்த இடத்தில்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. ஆகையால் எழுதுகிறேன்.

கமக்காரர் ஒருவர் சொன்னது இது. (பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, கிணற்றுக்கட்டில் இருந்து கதைத்தபோது. எழுதவும் சம்மதித்தார்.) இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபமொன்றில், சேலையால் மறைத்த மூலையில், பிள்ளைகள் அருகே படுத்திருக்க, ஓரிரவு அவருக்கு உறுப்பு விறைக்கவில்லை. களைப்பும் கவலையும் நிறைந்த காலம். அதோடு போயிருக்கவேண்டிய விடயம். அவரோ, “காணியும் போச்சு, ஆண்மையும் போச்சு” என்று முடிவுகட்டிவிட்டார். மீளக்குடியேறித் தனிவீடு கிடைத்த பின்னரும் அந்த எண்ணம் விடவில்லை. “இன்றைக்கும் சரிவராதோ?” என்று தன்னையே வேவு பார்ப்பார், அன்றைக்கும் சரிவராது. பின்பு புழுக்கத்தைச் சாட்டித் திண்ணையில் படுக்கத் தொடங்கினார். தன்னில் வெறுப்பாக்கும் என்று மனைவி அழுதார்.

விறைப்பு முயன்று வருவிப்பதல்ல. மனம் ஆறுதலாக இருக்கையில் நரம்புகள் குருதிக்குழாய்களைத் தளர்த்த, குருதி உறுப்பினுள் பாய்ந்து தங்குகிறது. பயம் வந்தால் அதிரினலின் சுரந்து அதே குழாய்களைச் சுருக்கிவிடும். ஷெல் சத்தத்தில் நம்மை ஓடவைத்த அதே ஏற்பாடுதான். எதற்குப் பயம் என்று உடல் வேறுபாடு பார்ப்பதில்லை. மிரண்ட பசு பால் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். மடியில் பால் இல்லாமலா? அடித்தால் இன்னும் அடக்கிக்கொள்ளும்.

விடியற்காலையில் விறைப்பு வருமாயின் நரம்பும் குழாயும் பெரும்பாலும் நலமே. அதுவும் படிப்படியாகக் குறைந்திருந்தால் வைத்தியரிடம் போய்ச் சீனியையும் பிறஷரையும் பார்க்கவேண்டும். நீரிழிவு, புகைத்தல், சாராயம், சில பிறஷர்க் குளிசைகள் இவற்றாலும் இது வரும்; சிலருக்கு இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். 1998 முதல் விற்பனையிலுள்ள சில்டெனாபில் குளிசையைத் தாமாக வாங்கி விழுங்கவேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோடு சேர்ந்தால் பிறஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். லேகியக்காரரைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

இப்படித் தன்னைத்தானே பார்வையாளனாக நின்று கவனிப்பதே பலருக்குத் தடையென, அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற ஆய்வாளர் இருவர் 1970இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். அவர்கள் காட்டிய வழி, இருவரும் பேசி, சிலகாலம் உடலுறவே வேண்டாமென விட்டு, அன்பாகத் தொட்டுத் தழுவுவதோடு நிறுத்துவது. பரீட்சை இல்லையென்றால் தோல்வியும் இல்லையல்லவா? இருவரும் ஒத்துச் சிலகாலம் விலகியிருப்பது புனித பவுலும் அனுமதித்ததே.

அந்தக் கமக்காரர் முதலில் செய்தது மனைவியிடம் உண்மையைச் சொன்னதுதான். “இதுக்கோ இவ்வளவு நாளும் திண்ணையில் கிடந்தனீங்கள்?” என்று கேட்டாராம். சரிவர மூன்று மாதமளவு சென்றது. இடையில் இரண்டொரு தடவை தவறியதாம். அதை அவர் கணக்கெடுக்கவில்லை.