முதல் செலவு கூரைக்கு

ஈப்போவின் சிலிபின் வட்டாரத் தொடர்வீடுகளில் வெயில் இறங்கிய பிறகும் மாடி அறையின் சூடு இறங்குவதில்லை. தோட்டத்து லயன் வீடுகளின் தகரக் கூரை பகலில் கொதித்தாலும் இருட்டியதும் ஆறிவிடும். செங்கல்லும் கான்கிரீட் ஓடும் அப்படியல்ல. பகலெல்லாம் உறிஞ்சிய வெப்பத்தை நடுநிசிவரை வீட்டுக்குள் விடுகின்றன.

இதற்கு மருந்தாக இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இரு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர்நாடுகளில் அது அருமையான ஏற்பாடு. அங்கே உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஈப்போவில் ஏர்கோன் ஓடும் அறைக்கும் வெளிக்கும் ஏழெட்டு டிகிரிதான். அந்த வித்தியாசத்தால் ஒற்றைக் கண்ணாடி வழியே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் வெப்பம் நுழையும். இரட்டைக் கண்ணாடி அதைப் பாதியாக்கும். ஆனால் மேற்கு ஜன்னலில் நேராக விழும் மாலை வெயில் பல நூறு வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். வெளியே ஒரு நிழல்கூரையோ மூங்கில் திரையோ போட்டால், வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். கண்ணாடிப் பட்டை ஜன்னல்களின் இடுக்குகளை அடைக்காமல் இரட்டைக் கண்ணாடி பற்றி யோசிப்பதில் பயனே இல்லை.

வெப்பம் நுழையும் பெரிய வாசல் கூரைதான். ஈப்போ நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரிக்குள் இருப்பதால் ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சியிலிருந்தே இறங்குகிறது. சூடேறிய ஓடு கீழே உள்ள சிலிங்கின் மீது வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு கட்டினால், அந்தக் கதிர்வீச்சு மிகக் குறைந்துவிடும். ஒரு நிபந்தனை: தாளுக்குக் கீழே காற்று இடைவெளி வேண்டும். எதையாவது ஒட்டி நின்றால் வெப்பம் நேரே கடந்து போய்விடும். பளபளப்பு மேலே இருந்தால் தூசி படிந்து பயன் தேயும்.

அடுத்து, சிலிங்கின் மேல் 100 மில்லிமீட்டர் பாறைக் கம்பளி. அதன் இழைகளுக்குள் சிக்கிய காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. நனைந்தால் அந்தக் குணம் போய்விடும். ஆகவே ஒழுகலை முதலில் அடையுங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கம்பளியைத் தொடாதீர்கள்.

பழைய வீடுகளின் சிலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பரிசோதித்துப் பார்க்காமல் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம்.