குஞ்சின் முதல் இரை

மும்பையில் ஜூன் மாதத்து முதல் மழை கொட்டி ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பும். தாராவி 90 அடி சாலையில் கடைகளின் டியூப்லைட்டைச் சுற்றி மொய்க்கும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் காலை வாசல் பெருக்குகிறவர்களுக்கு உதிர்ந்த சிறகுகளைக் கூட்டித் தள்ளுவதே பெரும்பாடு. அந்த வாசலுக்கு நாலைந்து நாள் குஞ்சுகளோடு ஒரு நாட்டுக்கோழி வந்து சேர்ந்தால், அங்கே நடப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். படைத்தவனின் கைவேலை அவ்வளவு பக்கத்தில் காணக் கிடைப்பது அபூர்வம்.

அடைகாத்த 21ஆம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் நாட்டுக்கோழிக் குஞ்சு ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். வெளியே வருவதற்குச் சற்று முன்பு மிச்ச மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் அதன் கட்டுச்சோறு. கடைசிக் குஞ்சும் பொரிந்து வரும்வரை தாய் எழாமல் உட்கார்ந்திருக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

கட்டுச்சோறு தீர்ந்த பிறகு? மெல்லிய தூவியை உதறிவிட்டு உண்மையான இறகு முளைக்க வேண்டும். இறகு முழுக்கப் புரதம். அதிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீத அளவுக்குப் புரதம் இருக்க வேண்டும் என்பார்கள். நாம் அன்போடு இறைக்கும் அரிசிக் குருணையில் ஏழெட்டு சதவீதம்தான். பூச்சியிலோ, ஈரம் நீங்கிய எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புரதம். அதன் மேல்தோலைச் சிதைக்கும் நொதியையும் கோழியின் இரைப்பையில் வைத்தே படைத்தவன் அனுப்பியிருக்கிறான். வளர்ந்த பின் தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழுவைத்தான் தேடிக்கொண்டு வருகிறது.

என்னை மலைக்க வைப்பது கண். முட்டைக்குள் கடைசி நாட்களில் கரு தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறது. இடக்கண் உடம்போடு ஒட்டி மறைந்துவிடுகிறது. வலக்கண் ஓட்டைப் பார்த்திருக்கிறது. தாய்க்கோழி இரை எடுக்க எழுந்து போகும் அந்தச் சிறு பொழுதுகளில் ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலக்கண்ணில் மட்டும் படுகிறது. ஆஸ்திரேலியாவின் லெஸ்லி ராஜர்ஸும் இத்தாலியின் ஜியோர்ஜியோ வல்லோர்திகாராவும் இதன் பலனைச் சோதித்து, 2004இல் வெளியிட்டார்கள். முட்டைக்குள் வெளிச்சம் பட்ட குஞ்சு, கூழாங்கல்லுக்கு நடுவே தானியத்தைப் பொறுக்கிக்கொண்டே, தலைக்கு மேல் வரும் பருந்தின் நிழலையும் கவனித்தது. இரை தேட வலக்கண், ஆபத்துக்கு இடக்கண். இருட்டிலேயே பொரிந்த குஞ்சுகள் இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாமல் தடுமாறின. தாராவிச் சந்தில் ஒவ்வொரு தகரக் கூரையிலும் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அங்கே இந்தப் பங்கீடு இல்லாமல் குஞ்சு தேறுவது கடினம். தாய் பசித்து எழுந்துபோகும் நேரம்கூட வீணாகாதபடி யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எதைத் தின்னலாம் என்பதைத் தாய் சொல்லிக்கொடுக்கிறது. ஒரு பூச்சியைக் கொத்தித் தூக்கும், தின்னாது. "கொக் கொக் கொக்" என்று அடுக்கிக் கூப்பிட்டபடி கீழே போடும், மறுபடி எடுக்கும். குஞ்சுகள் ஓடிவரும். எதைத் தின்னக்கூடாது என்பதைக் குஞ்சு தானே கற்கிறது. இங்கிலாந்தில் ஸ்டீவன் ரோஸ் ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கசப்புத் தடவிய மணியைக் காட்டினார். ஒரே ஒரு கொத்து, தலையை உதறியது, பிறகு அந்த மாதிரி மணியைச் சீந்தவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் தாராவியில் ஏராளம். ஊரில் கோழி வளர்த்தவர்களுக்குக் கறையான் பானை புதிதல்ல. பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, இற்றுப்போன ஓலை, மட்டை எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடியற்காலை பானையை எடுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று கறையான் நெளியும். வெயில் ஏறுமுன் குஞ்சுகளின் முன்னால் தட்டிவிட வேண்டும். தாராவியில் பானைக்குப் பஞ்சமில்லை, குயவர்களின் கும்பார்வாடா பக்கத்திலேயே இருக்கிறது. கறையானுக்கும் பஞ்சமில்லை, மாட்டுங்கா ஐந்து தோட்டத்துப் பெரிய மரங்களின் பட்டையை உற்றுப் பார்த்தால் தெரியும்.

பானையில் திணித்த எதையும் கோழியால் செரிக்க முடியாது. கறையானால் முடியும், அதுவும் தனியாக அல்ல. புற்றுக்கட்டும் கறையான் தன் எச்சத்தில் காளான் பயிரிட்டு, மட்டையையும் மரத்தையும் அதனிடம் பக்குவப்படுத்தித் தின்கிறது. லின்னேயஸின் மாணவரும் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்தவருமான கோனிக், தஞ்சாவூர்ப் பக்கத்துப் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து அந்தக் காளான் தோட்டத்தை 1779இல் எழுதிவைத்தார். இற்றுப்போன ஓலை காளானாகி, கறையானாகி, குஞ்சின் இறகாகிறது. நாம் குப்பை என்று தள்ளியதிலிருந்து ஓர் உயிர் பறக்கக் கற்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கை குவிகிறது.

இந்தக் கொடையை நாமே நஞ்சாக்கிவிடக் கூடாது. கறையான் மருந்து அடித்த கட்டிடத்துப் பக்கம் பானையை வைக்காதீர்கள். மருந்து தின்று மல்லாந்து கிடக்கும் கரப்பானைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். கம்பளிப்பூச்சி வேண்டாம். குருணையோடு சிறு மணலும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

செம்பூரில் மாடியில் அட்டைப்பெட்டிக்குள் தாயில்லாக் குஞ்சுகளை வளர்ப்பவர்கள், விரல் நுனியால் கறையானுக்குப் பக்கத்தில் டொக் டொக்கென்று தட்டினால் போதும். அதைத் தாயின் அலகாக எடுத்துக்கொண்டு குஞ்சு வந்து கொத்தும். முதலில் பிடித்தது இரையைக் கவ்விக்கொண்டு ஓடும். மற்றவை அதைத் துரத்தும். ஆகவே ஒரே இடத்தில் கொட்டாமல் நாலு பக்கமும் தூவிவிடுங்கள், நோஞ்சானுக்கும் கிடைக்கும்.