பல்கலைக்கழகப் பாடமாக இசை: பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் கல்விப்பணி

ஆய்வுச்சுருக்கம்

குருகுல முறையில் செவிவழியாகப் பயிலப்பட்டுவந்த தென்னிந்திய இசை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல்கலைக்கழகப் பாடமாக உருப்பெற்றது. இம்மாற்றத்தில் பெரும்பங்காற்றியவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி (1901–1973). எழுத்தில் அடங்காத ஒரு கலையைத் தேர்வுக்குரிய பாடமாக்குவதில் எழுந்த சிக்கலையும், அதற்கு அவருடைய பணிகள் வழங்கிய விடையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சாம்பமூர்த்தி, இசைக்கல்வி, குருகுலம், சுரக்குறிப்பு, ஆமந்திரிகை, பல்லியம்.

முன்னுரை

சேர்வராயன் மலையடியில் உள்ள குப்பனூர் போன்றதோர் ஊரில், இசைமரபுக் குடும்பத்தில் பிறவாத ஒரு மாணவர் இசை பயில விரும்பினால், இன்று சேலத்திலுள்ள அரசு இசைப்பள்ளியை நாடலாம். அங்கு விண்ணப்பம், பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என்னும் படிநிலைகள் உள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இத்தகைய மாணவருக்குக் குருவின் இல்லமே பள்ளி. குருவின் இசைவே சேர்க்கை. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. இசையில் எதைக் கற்பிப்பது, எந்த வரிசையில் கற்பிப்பது, எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாக்களுக்கு ஒருவர் விடைகாண வேண்டியிருந்தது.

காலச்சூழல்

இசையை எழுத்தில் பதிவுசெய்யும் முயற்சிகள் சாம்பமூர்த்திக்கு முன்பே தொடங்கிவிட்டன. சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளைக் கையாண்டது. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) தமிழிசையின் சுருதி, பண் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தது. 1927இல் சென்னையில் நிகழ்ந்த அகில இந்திய இசை மாநாட்டின் தொடர்ச்சியாக மியூசிக் அகாதெமி 1928இல் தோன்றியது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக்கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். ஆய்வும் நிறுவனமும் இவ்வாறு உருவாகிவந்தன. இவற்றை வகுப்பறைக்கு ஏற்ற பாடநூலாக மாற்றும் பணி எஞ்சியிருந்தது.

பணிவாழ்வு

நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த பித்ரகுண்டாவில் பிறந்த சாம்பமூர்த்தி கலைப்பட்டமும் சட்டப்பட்டமும் பெற்றவர். வயலினும் குழலும் பயின்றவர். 1928இல் சென்னை இராணி மேரி கல்லூரியில் இசை விரிவுரையாளரானார். 1931இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று, மேலை இசையையும் ஒப்பீட்டு இசையியலையும் கற்றார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். சென்னையில் இசைக்கருவி ஆக்கத்திற்கென இயங்கிய சங்கீத வாத்தியாலயாவின் இயக்குநராகவும் விளங்கினார். 1971இல் பத்மபூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பாடநூல் என்னும் கருவி

ஆறு பகுதிகளாக அமைந்த ‘தென்னிந்திய இசை’ என்னும் ஆங்கில நூல்வரிசையே அவருடைய பணியின் மையம். இராக இலக்கணம், தாளம், உருப்படி வகைகள், இசைக்கருவிகள், இயற்றுநர் வரலாறு ஆகியவை அதில் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் முறையில் வைக்கப்பட்டுள்ளன. குருகுலத்தில் இச்செய்திகள் பாட்டுப் பயிற்சியின் ஊடே, வாய்ப்பு நேரும்போது மட்டும் வெளிப்படுவன. அவற்றைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்தமையே, ஒரே பாடத்தைப் பல ஆசிரியர்கள் பல ஊர்களில் கற்பிப்பதற்கு வழிசெய்தது.

இதன் எல்லையும் இங்கேயே உள்ளது. சுரக்குறிப்பு சுரத்தின் இடத்தைக் காட்டும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் செல்லும் அசைவை முழுமையாகக் காட்டாது. தோடியின் காந்தாரத்தை ஏட்டிலிருந்து மட்டும் ஒருவரால் பாடிவிட இயலாது. ஆகவே கோட்பாடும் செய்முறையும் இணைந்த பாடத்திட்டமே பொருந்துவதாயிற்று. அதில் நூல் ஆசிரியரின் இடத்தைப் பிடிப்பதில்லை. ஆசிரியர் பாடிக்காட்டுவதை மாணவர் பெயரிட்டு அறிய உதவுகிறது.

மேலை இசையும் பல்லியமும்

மேலை இசையைக் கற்றவர் என்பதால் அதன் ஒத்திசைவு முறையை நம் இசையில் அவர் புகுத்த முனைந்திருக்கக்கூடும் எனக் கருதலாம். இந்திய இசை மாணவர்களுக்காக மேலை இசையின் அடிப்படைகளை விளக்கித் தனிநூல் எழுதியமை, அவர் அதனை ஒப்பிட்டு அறிவதற்குரிய துறையாகக் கொண்டதைக் காட்டுகிறது.

பலர் கூடி இசைக்கும் பல்லியத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கலாம். மேலைப் பல்லியத்தில் பல குரல்நிலைகள் ஒரே நேரத்தில் ஒலிப்பதால் அவற்றை இணைக்க நடத்துநர் ஒருவர் தேவைப்படுகிறார். சிலப்பதிகார அரங்கேற்றுகாதை காட்டும் அமைப்பு வேறானது. குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும் இசைக்க, முழவோடு ஆமந்திரிகை கூடுகிறது. அங்குக் கோலசைத்து நடத்துநர் எவருமிலர்; ஒன்றையொன்று செவிமடுத்துப் பின்நிற்றலே ஒழுங்கு. 1952இல் அகில இந்திய வானொலி இரவிசங்கர், டி. கே. ஜெயராம ஐயர் ஆகியோரைக் கொண்டு தொடங்கிய வாத்திய விருந்தாவும், ஓரிசையை அடிப்படையாகக் கொண்ட இசையைப் பெருங்குழுவுக்கு எவ்வாறு அமைப்பது என்னும் இதே வினாவை எதிர்கொண்டது.

எஞ்சிய பணி

சாம்பமூர்த்தியின் நூல்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தன. பல்கலைக்கழகப் பயிற்றுமொழி அதுவாக இருந்த காலத்தில் இது இயல்பே. ஆயினும் 1940களில் எழுச்சி பெற்ற தமிழிசை இயக்கமும், விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) போன்ற ஆய்வுகளும் முன்வைத்த பண், யாழ் குறித்த கலைச்சொற்கள் இப்பாடநூல் மரபோடு முழுமையாக ஒன்றவில்லை. இசைத்துறை மாணவர் இராகமென்றும், தமிழ்த்துறை மாணவர் பண்ணென்றும் ஒரே பொருளை இரு வகுப்பறைகளில் தனித்தனியே பயிலும் நிலை இன்றும் தொடர்கிறது. 1952இல் முதல் தொகுதி வெளிவந்த அவருடைய இசை அகராதியும் அவர் வாழ்நாளில் நிறைவுறவில்லை.

முடிவுரை

பிறப்பாலும் குருவின் இசைவாலும் வரையறுக்கப்பட்டிருந்த இசைக்கல்விக்குப் பொதுவாயில் ஒன்றை அமைக்கத் துணைநின்றமையே சாம்பமூர்த்தியின் முதன்மைப் பங்களிப்பு. அவ்வாயிலின் வழியே நுழையும் மாணவருக்குப் பாடநூல் இசையின் பெயர்களைத் தரும். ஒலியை ஆசிரியரே தர இயலும். தேர்வு எளிதென்பதற்காகக் கோட்பாட்டுத் தாள்களை மிகுத்துச் செய்முறை நேரத்தைக் குறைக்கும் பாடத்திட்டம், அவர் இணைத்தவற்றை மீண்டும் பிரிப்பதாகும். இசைத்துறையும் தமிழ்த்துறையும் கூடிப் பொதுவான கலைச்சொற்களை வகுப்பது அவருடைய பணியின் இயல்பான தொடர்ச்சியாக அமையும்.