கைநாட்டும் கைப்பதிவும்
மலையகச் சிறார்தம் நினைவுக் கைப்பதிவுக் கலை பற்றிய ஒரு விளக்கம்

குழந்தையின் உள்ளங்கையில் வண்ணம் தடவி, அதனைத் தாளிற் பதியச் செய்து, ஆண்டும் திகதியும் குறித்து நினைவுப்பொருளாகப் பேணும் வழக்கம் இன்று முன்பள்ளிகளிலும் இல்லங்களிலும் பரவலாகக் காணப்படுவதொன்றாகும். இதனைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆயின் ஒரு கலைச்செயலின் பெறுமதி, அது நிகழும் சமூகத்தின் வரலாற்றோடு இணைத்து நோக்கும்போதே முழுமையாகத் துலங்கும். நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே கையின் பதிவு என்பதற்குத் தனியானதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பின்னணியில் இக்கலையின் பொருளையும் செய்முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கைப்பதிவின் தொன்மை

மனிதன் விட்டுச்சென்ற மிகப் பழைய ஓவியச் சான்றுகளுள் கையின் உருவும் ஒன்று. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகையொன்றிற் காணப்படும் கையுரு, குறைந்தது 39,900 ஆண்டுகள் பழைமையுடையதென 2014ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆர்ஜென்ரீனாவில் நூற்றுக்கணக்கான கையுருக்கள் செறிந்த குகையொன்று ‘கைகளின் குகை’ என்றே பெயர் பெற்றுள்ளது.

இவ்வுருக்களை இருவகைப்படுத்தலாம். வண்ணம் தோய்ந்த கையைப் பாறையில் ஒற்றியெடுப்பது நேர்ப்பதிவு. வெறுங்கையைப் பாறைமீது வைத்துச் சுற்றிலும் வண்ணத்தைத் தூவி, கை இருந்த இடத்தை மட்டும் வெறுமையாக விடுவது எதிர்ப்பதிவு. இன்றைய முன்பள்ளிகளிற் கையாளப்படும் முறைகளும் அடிப்படையில் இவ்விரண்டேயாம்.

தமிழர் வீட்டு வழக்கிலும் இதற்கு நெருங்கிய உறவுடைய செயலொன்று உண்டு. கண்ணன் பிறந்தநாளில் வாயிலிலிருந்து பூசையறை வரை அரிசிமாவினால் இடப்படும் குழந்தைப் பாதங்கள் உண்மையிற் காலாற் பதிக்கப்படுவன அல்ல. மூடிய கையின் ஓரத்தை மாக்கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி, விரல்நுனியால் ஐந்து புள்ளிகள் வைத்து அப்பாதங்களைப் பெண்கள் ஆக்குவர். இல்லாத குழந்தையின் வருகையைக் கையாற் பதிக்கும் மரபு இது. இருக்கும் குழந்தையின் கையைப் பதித்துவைப்பது அம்மரபுக்குப் புறம்பானதன்று.

2. அதிகாரம் பெற்றுக்கொண்ட கைகள்

மேற்கூறியவை மனிதர் தாமே விரும்பி இட்ட பதிவுகள். நவீன காலத்திற் கைப்பதிவு வேறொரு பணிக்கும் ஆளாயிற்று. 1858ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, வீதி அமைப்பதற்கான பொருள்களை வழங்க இராஜ்யதர் கோணாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அதிலே கையொப்பத்துடன் அமையாது, கோணாயின் உள்ளங்கையில் மையைப் பூசி ஒப்பந்தத் தாளிற் பதிக்கச் செய்தார். பிற்காலத்தில் கையொப்பத்தை அவர் மறுக்காதிருத்தற் பொருட்டு அச்சமூட்டுவதே அதன் நோக்கம் என்பதை ஹேர்ஷல் தாமே எழுதியுள்ளார். குடியேற்ற ஆட்சி பயன்படுத்திய ரேகைப் பதிவுமுறையின் தொடக்கங்களுள் ஒன்றாக இந்நிகழ்ச்சி கருதப்படுகின்றது. தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வாலில் ஆசியர்கள் விரற்பதிவு அளித்துப் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென 1906இல் சட்டம் முன்வைக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பியக்கத்தில் தமிழ் மக்களும் பெருமளவிற் பங்குகொண்டனர்.

இதே ஹேர்ஷலின் சேகரிப்பிலே நமது பொருளோடு நேரடித் தொடர்புடைய சான்றொன்றும் உண்டு. 1877இல் இரண்டரை வயதுக் குழந்தை ஒருவனின் விரற்பதிவை அவர் எடுத்திருந்தார். அவனது பதினைந்தாம் வயதில், 1890இல், மீண்டும் பதிவு எடுக்கப்பட்டது. பிரான்சிஸ் கால்ரன் இரண்டையும் ஒப்புநோக்கி, ரேகைகளின் அமைப்பு ஏறத்தாழ முற்றிலும் மாறாதிருந்தமையைத் தமது 1892ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். ரேகைகள் தாயின் கருவிலேயே உருவாகிவிடுகின்றன. கை பெருக்குந்தோறும் அவை விரிகின்றனவேயன்றி அவற்றின் ஒழுங்கு மாறுவதில்லை. ஆண்டுதோறும் எடுக்கப்படும் கைப்பதிவுகள் வளர்ச்சியையும் ஒருமையையும் ஒருசேரக் காட்டுவதற்குரிய காரணம் இதுவே.

3. மலையகமும் கைநாட்டும்

புகையிரதப் பாதை நானுஓயாவை 1885இல் வந்தடைந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள இச்சிற்றூர் நுவரெலியாப் பகுதித் தோட்டங்களின் வாயிலாயிற்று. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளியைப் பற்றிய பதிவுகள் பல இருந்தன. பயணத்திற் கழுத்தில் தொங்கிய தகரச்சீட்டு, கடனைக் காட்டிய துண்டு, நாட்பேரைக் குறித்த செக்றோல், விலகும்போது தரப்பட்ட பற்றுச்சீட்டு ஆகியன அவை. துண்டுமுறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவை யாவும் தொழிலாளியைப் பற்றிப் பிறர் எழுதியவை. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த அவன் தன் பங்காக இட்டது பெருவிரல் அடையாளம் ஒன்றே. அதுவும் ‘கைநாட்டு’ என்ற பெயரோடு இகழ்ச்சிக்குரியதாயிற்று.

இத்தனை பதிவுகளுக்குள் வாழ்ந்த மக்களே ஆவணமற்றோராகவும் ஆக்கப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழியாற் குடியுரிமை பெறுதற்குத் தம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவவேண்டியிருந்தது. பிறப்புப் பதிவில்லாத லயத்துக் குடும்பங்கள் பாட்டனின் பிறப்பை எதைக்கொண்டு நிறுவும்? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தின் உறவுகள் இரு நாட்டினராயினர். நாடற்றோர் நிலைக்குச் சட்டரீதியான முடிவு 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே கிட்டியது.

குழந்தையின் கைப்பதிவு சட்ட ஆவணமாகாது. பிறப்புச் சான்றிதழின் இடத்தை அது நிரப்பவும் மாட்டாது. எனினும், நான்கு தலைமுறையாகத் தம்மைப் பற்றிப் பிறரே எழுதக் கண்ட ஒரு மக்கட் கூட்டம், தன் பிள்ளையைப் பற்றித் தானே எழுதித் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பதிவு என்ற வகையில் அது பொருள் பெறுகின்றது.

4. செய்முறை

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலோ முன்பள்ளியிலோ இல்லத்திலோ இதனைச் செய்யலாம். கவனிக்கவேண்டியவை பின்வருமாறு:

(அ) வயது: பிறந்த சில மாதங்கள் வரை குழந்தை, கையிற் பட்ட எதனையும் இறுகப் பற்றிக்கொள்ளும். ஐந்து, ஆறு மாதமளவில் இவ்வியல்பு தளர்கின்றது. அதற்கு முன்னர்ப் பதிவெடுக்க விரும்பின், பால் அருந்தி அமைதியாக இருக்கும் வேளையில் புறங்கையை மெல்லத் தடவினால் விரல்கள் தாமே விரியும். விரல்களைப் பிரித்திழுத்தல் ஆகாது.

(ஆ) வண்ணம்: மூன்று வயதுக்குட்பட்டோர் கையை வாயில் வைப்பர். ஆதலின் அவர்களுக்கு அரிசிமாக் கூழில் மஞ்சளோ பீட்றூட் சாறோ கலந்து பயன்படுத்துவதே தக்கது. ஆனால் மஞ்சள் ஒளிபட்டு வெளிறும். பீட்றூட் நிறம் நாளடைவிற் பழுப்பாகும். எனவே அதே வேளையிற் கையைத் தாளில் வைத்து, பென்சிலால் அதன் விளிம்பைச் சுற்றி வரைந்துகொள்ளவேண்டும். பென்சிற் கோட்டின் கரி மங்குவதில்லை. மூத்த சிறாருக்கு, சிறுவர்க்குரியதெனக் குறிக்கப்பட்ட நீர்வர்ணம் போதும். சுவருக்கும் மரத்துக்கும் பூசும் எண்ணெய் வர்ணங்களை எவ்வயதினருக்கும் பயன்படுத்தலாகாது. மருந்து தெளிக்கப்படும் தேயிலை மலையின் மண்ணும் ஏற்றதன்று. உப்பும் மாவும் பிசைந்து அச்செடுக்கும் முறையில் உப்பு மிகுதியாகச் சேர்வதால், சிறு குழந்தை அதனை உண்டுவிடாதபடி காத்தல் வேண்டும்.

(இ) பதித்தல்: கையை வண்ணத்தில் தோய்த்தால் ரேகைகள் அடைபட்டுக் கறையே எஞ்சும். நனைத்துப் பிழிந்த துணியில் வண்ணத்தை ஊறவைத்து, அதனை உள்ளங்கையில் ஒற்றவேண்டும். தாளின்கீழ் மடித்த துணியொன்றை விரித்தால், உள்ளங்கையின் குழிந்த நடுப்பகுதியும் தாளிற் படியும். கோடிடாத கனத்த தாள் சிறந்தது. நானுஓயாவின் குளிரிற் கைகழுவ வெதுவெதுப்பான நீரைப் பதிவுக்கு முன்னரே ஆயத்தமாக வைத்திருத்தல் நலம்.

(ஈ) பேணுதல்: மூடுபனியும் ஈரமும் மிகுந்த இப்பகுதியில் நினைவுப்பொருளின் முதற்பகை பூஞ்சணம். பதிவை அடுப்பின் நேர்ப்புகை படாத இடத்திற் கொடியிலிட்டு, முற்றாக உலர்ந்த பின்னரே எடுத்துவைக்க வேண்டும். கூழாற் செய்தவை விரைவிற் பூஞ்சணம் பிடிக்குமாதலால் உலர்ந்த மாவைத் துணியால் மெல்லத் தட்டி நீக்குதல் அவசியம். தாள்களுக்கிடையே வெறுந்தாள் வைத்து, இறுக மூடும் பிஸ்கட் தகரப்பெட்டியில் இட்டு, வெயில் எறிக்கும் நாள்களில் திறந்து காற்றாட விடலாம்.

(உ) குறிப்பு: தாளின் பின்புறத்தில் குழந்தையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பதிவெடுத்த திகதி, தோட்டம், டிவிசன், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதவேண்டும். பேனா மை ஈரத்திற் கசியும். இக்குறிப்பு இல்லாத கைப்பதிவு, இருபது ஆண்டுகளின் பின் யாருடையதென்று அறியப்படாத வெறும் வண்ணக்கறையாகிவிடும்.

இப்பதிவுகள் நிலையத்தின் சுவரை அலங்கரித்துவிட்டுக் குப்பையாவதைத் தவிர்த்து, பெற்றோரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். ரேகை இன்றும் ஆளடையாளமாகப் பயன்படுவதால், அதனைத் தெளிவாகப் படம்பிடித்துப் பொதுவெளியிற் பரப்பாதிருத்தலும் பொருத்தமானது.

5. எத்தகைய உருவம்?

கைப்பதிவோடு கோடுகளைச் சேர்த்து மயில், மீன், மரம் என்று உருவாக்குவது வழக்கம். தேயிலைப் பகுதிகளில் விரல்களைக் கொழுந்தாக்கி, ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என அமைக்கும் எண்ணம் எளிதில் எழக்கூடும். காட்சிக்கு அது அழகாகவும் இருக்கலாம். ஆயின் தேயிலைப் பொட்டலத்தின் விளம்பரச் சின்னத்தை நான்கு வயதுப் பிள்ளையின் கையில் ஏற்றுவது, அக்கை எதற்காகப் பிறந்தது என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்பதாகும். தன் கை என்னவாக வேண்டுமென்று பிள்ளையையே கேட்பது நல்லது. அது ரயில் என்றால் ரயிலாகட்டும்; ஒன்றுமில்லை என்றால் கை கையாகவே இருக்கட்டும்.

தாயின் கையைப் பிள்ளையின் கைக்கு அருகிற் பதிப்பது இதனினும் சிறந்த அமைப்பாகும். கொழுந்தெடுக்கும் விரல்களிற் சாயம் ஊறிக் கறுத்திருக்கும். வெடிப்புகளும் தழும்புகளும் ரேகையைக் குறுக்கே வெட்டியிருக்கும். அவ்வுழைப்பின் வரலாறு எழுத்தில் இல்லாவிடினும் கையில் இருக்கின்றது. இரு கைகளும் ஒரே தாளில் அமையும்போது ஒரு தலைமுறையின் தூரம் கண்முன் தெரியும்.

இங்கு மற்றொன்றும் நோக்கற்பாலது. ஆண்டுதோறும் எடுத்த பதிவுகளை அடுக்கிப் பார்க்கும் பெற்றோர், கை எவ்வளவு வளர்ந்தது என்றே முதலில் அளப்பர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட சிறாருள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். கைப்பதிவு மருத்துவ அளவீடாகாது. நிறையும் உயரமும் குறிக்கும் வளர்ச்சி அட்டையே அதற்குரியது. எனினும் அட்டையைப் படித்தறியச் சிரமப்படும் தாயும், சென்ற ஆண்டுக் கைமீது இவ்வாண்டுக் கையை வைத்துப் பார்ப்பாள். அந்த ஒப்பீடு அவளை அட்டையைப் பற்றி வினவச் செய்யுமாயின், அதுவும் இக்கலையின் பயனே.

6. முடிவுரை

கைநாட்டுக்கும் கைப்பதிவுக்கும் செய்கையளவில் வேறுபாடு சிறிது. இரண்டிலும் நிறம் தோய்ந்த கை தாளிற் படிகின்றது. யார் கேட்டார், யாருக்காக, பதிவு எவரிடம் தங்குகின்றது என்ற மூன்று வினாக்களே அவற்றை வேறுபடுத்துகின்றன. ஆதலால் மறுக்கும் குழந்தையின் கையை வலிந்து பிடித்து அழுத்தி எடுக்கும் பதிவு, எத்துணை அழகியதாயினும், கைநாட்டின் பக்கமே சேரும். அன்று விருப்பமில்லையெனில் இன்னொரு நாள் எடுக்கலாம். விளையாட்டாகத் தானே கையை வைத்து, தூக்கிப் பார்த்து, அது தன்னுடையதென்று கண்டு மகிழும் குழந்தையின் பதிவே பேணத்தக்கது. நானுஓயாத் தோட்டத்து லயக் காம்பராவொன்றின் தகரப்பெட்டியில், பிறப்புச் சான்றிதழோடும் வளர்ச்சி அட்டையோடும் பெயரும் திகதியும் எழுதிய அத்தாளும் இருக்குமாயின், அக்குடும்பத்தின் வரலாற்றில் அக்குடும்பமே எழுதிய பக்கம் ஒன்றாவது இருக்கும்.