பள்ளிவாசலும் வாக்குச்சாவடியும்

 

இன்று நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. நம்பிக்கையுள்ள ஒரு முஸ்லிம், அந்த நம்பிக்கையைக் கைவிடாமலே, மதச்சார்பற்ற ஜனநாயகத்தின் முழுமையான குடிமகனாக இருக்க முடியுமா? லண்டனில் 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், இலங்கையில் 2019 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகும் இந்தக் கேள்வி உரக்கக் கேட்கப்பட்டது. முஸ்லிம்களை வெறுப்பவர் ‘முடியாது’ என்கிறார். மதத் தீவிரவாதியும் ‘முடியாது’ என்றுதான் சொல்கிறார். எதிரெதிரே நிற்கும் இருவர் ஒரே பதிலைச் சொன்னால், அந்தப் பதிலைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

முதலில் மதச்சார்பின்மை என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. பிரான்ஸ் 2004இல் அரசுப் பள்ளிகளில் தலைமறைப்பைத் தடை செய்தது. லண்டனிலோ ஒரு பெண் காவலர் சீருடையோடு ஹிஜாப் அணிந்து பணிக்கு வரலாம். பிரித்தானியாவில் மன்னரே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். பிரபுக்கள் சபையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. தமிழ்நாட்டில் கோயில்களை நிர்வகிக்க அரசுத் துறையே இருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. சுத்தமான மதச்சார்பின்மை என்று ஒன்றை எங்கும் காட்ட முடியாது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு குறைந்தபட்ச வாக்குறுதி இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். ஒருவருடைய மத விளக்கத்தை இன்னொருவர் மீது திணிக்கக் காவல்துறையின் தடியோ கும்பலின் தடியோ பயன்படக் கூடாது. இந்த வாக்குறுதி யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது? நாத்திகருக்கு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், தன் சமூகத்தின் பெரும்பான்மையிலிருந்து சற்றே வேறாகத் தொழுகிற ஒரு பக்தருக்குத்தான் அது முதலில் தேவைப்படுகிறது. இதற்குக் காத்தான்குடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மட்டக்களப்புக்குத் தெற்கே, ஏறத்தாழ முழுவதும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர் காத்தான்குடி. அந்த ஊரைப் பற்றி லண்டனில் தமிழில் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் தாய்மொழி தமிழ். முஸ்லிம் என்பதற்காகவே விரட்டப்பட்ட ஒருவர், தன் அடையாளத்தை மொழியில் தேடாமல் மதத்தில் தேடினால், அதில் வியக்க ஒன்றுமில்லை.

இப்படி மதமே இனமாகவும், பாதுகாப்பாகவும், அரசியலாகவும் ஆகும்போது ஒரு சிக்கல் வருகிறது. மதத்துக்குள்ளிருந்து எழும் எந்தக் கேள்வியும் சமூகத்துக்கு இழைக்கும் துரோகமாகத் தெரியத் தொடங்கும். அந்த இடத்தில்தான் தீவிரவாதி தன்னைக் காவலன் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறான்.

காத்தான்குடியில் அதன் முதல் அடி விழுந்தது முஸ்லிம்கள் மீதே. அப்துர் ரஊப் மௌலவி என்ற சூஃபி அறிஞரின் கருத்துகள் இஸ்லாத்துக்குப் புறம்பானவை என்று 1979இலேயே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பத்வா கொடுத்திருந்தது. ஒரு கருத்தைத் தவறு என்று சொல்ல அறிஞர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பின்னாளில் அந்த ஊரின் சூஃபிகள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. வெளியிலிருந்தவர்களுக்கு அது முஸ்லிம்களின் உள்வீட்டுச் சண்டையாகத் தெரிந்தது. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூஃபிகளோடு மோதியது ஸஹ்ரான் ஹாஷிமின் தேசிய தவ்ஹீத் ஜமாஅத். அதன்பின் ஸஹ்ரான் தலைமறைவானார். அவரைக் கைது செய்யச் சொல்லி முஸ்லிம்களே முறையிட்டார்கள். சட்டம் அப்போது சோம்பலாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21 அன்று, மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தாக்குதல்காரர்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்க முடியாது என்று அதே ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்கள்தாம். ‘முடியாது’ என்ற பதிலுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

அரசு தன் பங்கைச் செய்ததா? அடுத்த ஆண்டு கொவிட் வந்தது. உடல்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், இலங்கை அரசு எல்லா உடல்களையும் எரிக்க உத்தரவிட்டது. பச்சிளம் குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. ஒரு ஜனநாயகம் இப்படி நடக்கும்போது, ‘பார், உன் நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை’ என்று சொல்லத் தீவிரவாதிக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. அரசே அவனுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது.

இப்போது நம் நகருக்கு வருவோம். ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசல் 1990களின் இறுதியில் அபூ ஹம்சாவின் கையில் சிக்கியது. 2003 ஜனவரியில் காவல்துறை அங்கே சோதனை நடத்தியது; அறக்கட்டளை ஆணையம் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. 2005இல் புதிய அறங்காவலர்கள், முஸ்லிம்களே, பள்ளிவாசலை மீட்டெடுத்தார்கள். இங்கே சட்டம் எந்த விளக்கம் சரியான இஸ்லாம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வன்முறையைத் தூண்டியவரை விலக்கி, தொழ வந்தவர்களிடம் சாவியைச் சேர உதவியது. அவ்வளவுதான் அதன் வேலை.

2017 ஜூன் 19 அன்று, ரமழான் இரவுத் தொழுகை முடிந்து வந்தவர்கள் மீது அதே ஃபின்ஸ்பரி பார்க்கில் ஒருவன் வேனை ஏற்றினான். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். கோபத்தோடு சூழ்ந்த கூட்டத்திலிருந்து அவனைக் காத்து, காவல்துறை வரும்வரை நின்றவர் இமாம் முகமது மஹ்மூத். தண்டனை நீதிமன்றத்தின் வேலை, தெருவின் வேலை அல்ல என்பது ஜனநாயகத்தின் பால பாடம். அந்த இரவில் அதைக் கடைப்பிடித்தவர் ஒரு மார்க்க அறிஞர். அதற்காக அவர் தன் மார்க்கத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை.

‘இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு, இஸ்லாத்தில் கிடையாது’ என்று ஒரு வாதம் உண்டு. 1990களில் லண்டன் கல்லூரிகளில் ஹிஸ்புத் தஹ்ரீர் இதைத்தான் சொன்னது. வாக்களிப்பதே ஹராம், கிலாபத்தே தீர்வு என்றது. 2024 ஜனவரியில் பிரித்தானியா அந்த அமைப்பைத் தடை செய்தது. ஆனால் தடை ஒரு வாதத்துக்குப் பதிலாகாது. பதில் முஸ்லிம் மரபுக்குள்ளேயே இருக்கிறது.

துருக்கி 1924இல் கிலாபத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டே எகிப்தில் அல்-அஸ்ஹரில் கற்ற ஷரீஅத் நீதிபதி அலி அப்துர் ராஸிக் ஒரு நூல் எழுதினார். எந்த ஆட்சிமுறையையும் மார்க்கம் கட்டாயமாக்கவில்லை, அரசை மனிதர்கள் தம் அறிவைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அல்-அஸ்ஹர் அவரை அறிஞர் வரிசையிலிருந்தே நீக்கியது. இந்தியாவில் தேவ்பந்த் மதரஸாவின் தலைமை ஆசிரியராக இருந்த ஹுசைன் அஹ்மத் மதனி, 1938இல், முஸ்லிம்களும் மற்றவர்களும் சேர்ந்து ஒரே தேசமாக வாழலாம் என்று நபிகளின் மதீனா உடன்படிக்கையை எடுத்துக்காட்டி எழுதினார். இவர்கள் மதத்தை விட்டு வெளியேறியவர்கள் அல்லர். மதத்தைக் கற்றே இந்த முடிவுக்கு வந்தவர்கள்.

இலக்கியக் கூட்டத்தில் இரண்டு எழுத்தாளர்களைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்டு, ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதியவர் சல்மா. பெண்களுக்கான இட ஒதுக்கீட்டால்தான் 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தேர்தலில் நின்று தலைவரானார். குடும்பம் திறக்காத கதவை ஒரு சட்டம் திறந்தது. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது பற்றி 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டு ஊரைவிட்டே போக நேர்ந்தது. ஒருவரை வாக்குச்சீட்டு வெளியே கொண்டுவந்தது. இன்னொருவரின் பேச்சுரிமையைக் காக்க ஊரில் எவரும் முன்வரவில்லை. இருவரும் முஸ்லிம் பெண்கள். இருவரும் தமிழில் எழுதுகிறவர்கள்.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் ஒரு பெண் காதி நீதிபதியாக முடியாது. அதை மாற்றச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுப்பவர்களும் முஸ்லிம் பெண்களே. சமூகத்தின் பெயரால் ஆண் தலைவர்களிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்கும் அரசு, அந்தச் சமூகத்தின் பாதிப் பேரிடம் கேட்கவே இல்லை.

ஆகவே என் பதில் இது. முஸ்லிமிடம் ஜனநாயகம் கேட்க வேண்டியது நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அல்ல. பக்கத்து வீட்டுச் சூஃபிக்கும், கேள்வி கேட்கும் பெண்ணுக்கும், நம்பிக்கையே இல்லாதவருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு உண்டென்று ஏற்றுக்கொள்வதை மட்டுமே. முஸ்லிம் ஜனநாயகத்திடம் கேட்க வேண்டியது சலுகை அல்ல. அவருடைய மையத்தைத் தீயில் வைக்காத, அவருடைய முறைப்பாட்டைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் அரசை.

தமிழர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி லண்டன்வாசிகளில் 15 சதவீதத்தினர் முஸ்லிம்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் நூலகங்களிலும் கூட்டங்களிலும் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முஸ்லிம் நம்மோடு தமிழராக அமர இடம் இருந்தால், மதம் ஒன்றுதான் தன் வீடு என்று அவரிடம் சொல்ல வருகிறவனின் வேலை கடினமாகும்.

உங்கள் கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.