இரட்டைக்குழலும் உருளைப்பெட்டியும்

பாலக்காட்டு நெல்லுக்கும் இடுக்கி மலையின் மரவள்ளிக்கும் பொதுப்பகை காட்டுப்பன்றி. அதைச் சுட ஆணையிடும் உரிமையைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமம் பெற்றவர் கையிலிருப்பது இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால், இரண்டே வேட்டு. பிறகு திறந்து மாற்ற வேண்டும்.

"உருளைப்பெட்டி வைத்தால் இருபது வேட்டு ஆகுமே!" என்றார் விடுதி நண்பர். உண்மைதான். அமெரிக்கரான மாக்ஸ்வெல் அட்சிசன் 1972இல் வடிவமைத்த தானியங்கித் துப்பாக்கிக்கு அத்தகைய பெட்டி உண்டு. அதனுள் தோட்டாக்கள் வட்டமாய் நிற்கும். முறுக்கிய சுருள்வில் அவற்றை வாய்ப்பக்கம் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஒன்று வெடித்ததும் பின்னே சென்ற தாழ், வெற்றுக்கூட்டை வெளியே எறியும். முன்னே பாய்கையில் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் செலுத்தும்.

இடர்ப்பாடும் உண்டு. தோட்டாவின் அடிவிளிம்பு புடைத்திருப்பதால் ஒன்றோடொன்று சிக்கக்கூடும். அதன் உடல் பிளாஸ்டிக். நெடுநாள் அழுத்தத்தில் நசுங்கினால் ஓட்டம் தடைபடும். இருபது தோட்டாவின் எடையோ ஏறக்குறைய ஒரு கிலோ!

தானியங்கித் துப்பாக்கியை மத்திய அரசின் தனி அனுமதியின்றி வைத்திருப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடுக்கிறது. அது நன்றே என்பேன். இருளில் பன்றியென்று எண்ணி மனிதனைச் சுட்டுவிட்ட கொடுமை கேரளத்திலும் நேர்ந்திருக்கிறது. இரண்டே வேட்டு என்றால் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம் ஓர் உயிரைக் காக்குமன்றோ?