அருவிப் படமும் பயன்தரும் விமர்சனமும்

கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியைப் படம் பிடிப்போர் பலர். ஆயினும், படத்தில் அது பெரும்பாலும் சுவரில் வடிந்த சுண்ணாம்புக் கோடாகவே தோன்றும். அதனை ‘நன்று’ என்பதாலோ ‘நன்றன்று’ என்பதாலோ பிடித்தவருக்குப் பயன் யாதுமில்லை. ‘உச்சி வெயிலில், கரும்பாறைக்கு ஏற்ப ஒளியை அளந்தமையால், நீரின் வெண்மையிலே மடிப்புகள் யாவும் அழிந்தன, மேகமூட்டம் வரும்வரை பொறுத்து, நீருக்கு ஏற்ப ஒளியை அளந்து பிடித்துப் பாரும்’ என்பதே மறுமுறைக்கு உதவும் சொல். உயரம் புலப்படவில்லையெனின், அடிவாரத்தில் ஓர் ஆளை நிறுத்தச் சொல்லலாம்.

முக்காலியில் நிறுத்திய கமராவின் ஷட்டர் அரை விநாடி திறந்திருப்பின் நீர் பட்டுத் துகிலாகும்; 1/500 விநாடியாயின் துளித்துளியாய்ச் சிதறி நிற்கும். இன்று பலரும் துகிலையே விரும்புகின்றனர். மாரிகாலப் பெருக்கின் வேகத்திற்கு அத்துகில் பொருந்துமா என்று வினவுவதும் விமர்சகர் கடனே. விடையைப் படம் பிடித்தவரிடம் விட்டுவிடலாம்.